மாட்டுப்பொங்கலன்று மந்திரித்த கார்

சூசையனூர், இண்டூர் வழி,
தருமபுரி மாவட்டம்.
2-2-1969, ஞாயிறு, பூசை முடிந்த பின்.

மதிப்புக்குரிய வியாகுலம் மாமா அவர்களுக்கும் ராயம்மாள் அத்தைக்கும், தங்கள் அக்காள் மகள் இன்னாசியம்மாள் இரு கை கூப்பித் தோத்திரம் சொல்லி எழுதுவது.

ஜபல்பூரில் குளிர் எலும்பு வரைக்கும் இறங்குகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். குளிர் குறைந்து நீங்களும் அத்தையும் குழந்தையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தைக் கேட்டுவிட்டுச் சாமியார் கொடுத்த அபராதம் ஒன்று தீராமல் என் தலைமேல் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு பாவத்தைச் சேர்த்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகையால் சுகமாயிருப்பவர்களை மட்டும் எழுதுகிறேன். சிவலைப் பசு சுகம். அதன் கன்று சுகம். கோழிகளில் மூன்று சுகம். கார் சுகமில்லை. காரால் அப்பாவுக்குச் சுகமில்லை, அப்பாவால் அம்மாவுக்கு இல்லை, இத்தனைக்கும் நான்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் நினைக்கிற காரணம் தப்பு. ஆள் சரிதான்.

வருகிற பதினேழாம் தேதி திங்கட்கிழமை தொப்பூரிலிருந்து கோவிந்தன் என்பவர் லாரியோடு வந்து நம் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார். கணவாயில் உருண்டு கிடக்கும் லாரிகளை வாங்கி உடைத்துப் பழைய இரும்பாகப் போடுகிறவர் அவர். அவரிடம் அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அதற்குள் நீங்கள் அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டாக வேண்டும். அதில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. நீங்கள் நேரில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு எழுத வரும், வாயால் வராது. ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் என்னை எழுப்பி இந்தியாவின் தலைநகரம் எது என்று கேட்டார். எனக்குத் தெரியும். பெல் அடிக்கும் வரையில் நின்றேன். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். அதற்கும் நின்றேன். இப்போது பதினாறு வயது நடக்கிறது, இன்னும் அப்படியேதான் இருக்கிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் நம் ஊரில் சாமியார் மாடுகளை மந்திரிப்பது உங்களுக்குத் தெரியும். கோயில் முன்னால் எல்லா மாட்டையும் வரிசையாக நிறுத்துவார்கள், உபதேசியார் யாகப்பன் பெரிய வாளியில் தீர்த்தத்தைச் சுமந்து வருவார், சாமியார் மாவிலைக் கொத்தை முக்கித் தெளித்துக்கொண்டே போவார். இந்த வருஷம் அப்பா நம் சவாரிக் காரையும் கழுவி, கொம்பு இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே சாமந்தி மாலை கட்டி, சின்னான் எருமைக்குப் பின்னால் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மாடுகள் எண்பதுக்கு மேல். சாமியார் கார்வரை வந்து சேர்ந்தபோது அவருக்குக் கை வலித்தது, மாவிலையில் இலையே இல்லை, காம்புதான் இருந்தது. அப்பா முன்மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சாமி, இன்ஜின்லயும் கொஞ்சம் படட்டுங்க சாமி, அதுதான் எங்களுக்குச் சோறு போடுது" என்றார். சாமியார் காம்புக் கட்டைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அடியில் மிச்சமிருந்ததை அப்படியே எடுத்து இன்ஜின் மேல் ஊற்றி ஆசீர்வதித்தார். தீர்த்தத்தில் உப்பு மந்திரித்துப் போடுவது வழக்கம். எண்பது மாட்டுக்குத் தீர்த்தம் என்றால் எண்பது மாட்டுக்குத் தக்க உப்பு போட வேண்டும் என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கரையாத உப்பெல்லாம் அடியில்தான் தங்கியிருக்கும். நான் கள்ளி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எங்கே விழுந்தது என்று பார்த்தேன். நேராக டிஸ்டிரிபியூட்டர் மேல் விழுந்தது.

மாடுகள் எல்லாம் நடந்து வீட்டுக்குப் போயின. கார் போகவில்லை. அப்பா செல்ப் பொத்தானை இழுத்தார். செல்ப் நன்றாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. இழுத்தார், சுற்றியது, பிடிக்கவில்லை. கடைசியில் மந்திரித்த மாடுகளில் இரண்டைத் திரும்பக் கூப்பிட்டு, காரில் கட்டி, வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் அந்த ஊர்வலத்தைப் பார்த்து, "மாட்டுக்குப் பலிச்சிருக்குது, காருக்குத்தான் பலிக்கல" என்றாள். அன்றைக்கு அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்குப் பின் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் அப்பா இண்டூரிலிருந்து அர்ச்சுனன் அண்ணனைக் கூட்டி வந்தார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்களை ரிப்பேர் பார்ப்பவர். அவர் காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டு, "காத்து புடிச்சிருக்குதுங்க சின்னப்பண்ணா. டீசல் பைப்புல காத்து நின்னுக்கினா இப்படித்தான் சும்மா சுத்தும்" என்றார்.

"இது பெட்ரோலுங்களே" என்றார் அப்பா.

"எதுவா இருந்தா என்னாங்க, காத்து காத்துதானே."

பைப்பைக் கழற்றி வாயால் உறிஞ்சினார். காற்று வரவில்லை, பெட்ரோல் வந்தது, அதில் பாதி அவர் வயிற்றுக்குள் போனது. புளியமரத்தடியில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, நாலு பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதெல்லாம் என்னாத்துக்குங்க? எங்க இன்ஜினுக்கு இதெல்லாம் ஒண்ணும் கெடையாது. கரண்டே இல்லாம ஓடுது பாருங்க."

அப்பா, நாம்தான் ஏதோ ஊதாரித்தனம் பண்ணிவிட்டது போல, "இதுக்கு வேணுமாமுங்க" என்றார் மெதுவாக.

பெட்ரோல் வருகிறது என்பது இப்படித் தெரிந்ததும் அர்ச்சுனன் அண்ணன் பாட்டரி செத்துவிட்டது என்றார். அவர் அதைச் சொல்லும்போது முன்விளக்கு இரண்டும் பட்டப்பகலில் அவர் முகத்தில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தன. விளக்கு எரிந்து, செல்ப்பும் பலமாகச் சுற்றினால் பாட்டரியில் குறையில்லை என்று ராணுவத்திலிருந்து போன லீவில் வந்தபோது நீங்கள் அப்பாவுக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நீங்கள் அன்று எல்லாமே சொன்னீர்கள் மாமா. கரண்ட் காயிலில் பெரிதாகி, நடுக்கம்பி வழியாக டிஸ்டிரிபியூட்டர் மூடிக்கு வரும், உள்ளே சுற்றுகிற ரோட்டர் அதை வாங்கி நாலு பிளக்குக்கும் முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கும் என்றீர்கள். அப்பா "ஆமாங் மாப்ள, ஆமாங் மாப்ள" என்று சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற நான் தூங்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்கும் தெரியாது. பாட்டரியை அர்ச்சுனன் அண்ணன் சைக்கிளில் கட்டித் தருமபுரிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி மூன்றாம் நாள் திரும்பினார். வழியில் ஆசிட் சிந்தி வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. இப்போது செல்ப் அரிசி மில் மாதிரி சுற்றியது. இன்ஜின் பழையபடிதான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அப்பா இண்டூர் சந்தைக்குப் போயிருந்தபோது நான் அம்மாவைக் காரில் உட்கார வைத்து, நான் சொல்லும்போது பொத்தானை இழு என்றேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள்.

"என்னாடி பண்ற அதுக்குள்ள?"

"எலி இருக்குதான்னு பாக்கறம்மா."

"எலியைப் பாக்கறதுக்கு நான் எதுக்குடி வண்டி ஓட்டணும்?"

மூடியில் செருகியிருந்த நடுக்கம்பியைப் பிடுங்கி, துணியைச் சுற்றிப் பிடித்து, இரும்புக்குப் பக்கத்தில் காட்டினேன். அம்மா இழுத்தாள். நீலமாகப் பொறி சொடுக்கியது. ஆகக் காயில் சரி, பாயிண்ட் சரி, கண்டன்சர் சரி. கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு ஒரு பிளக் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நாலிலும் பார்த்தேன். நாலும் செத்துக் கிடந்தன. கரண்ட் மூடிவரைக்கும் வருகிறது, பிளக்குக்குப் போகவில்லை. மூடியைத் திறந்தேன். ஈரம் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. உள்சுவர் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அந்த வெள்ளைக்கு நடுவே மயிரிழை போல ஒரு கறுப்புக்கோடு, நடுக்குமிழிலிருந்து மூடியின் விளிம்பு வரைக்கும். அப்பா இழுத்த இழுப்பெல்லாம் அந்த உப்பு வழியாக ஓடி ஓடி அங்கே கருகி ஒரு பாதையே போட்டுவிட்டது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அதில் இறங்கி வீணாகிறது. உப்பைத் துடைத்தேன், போனது. கறுப்பு போகவில்லை. அம்மாவை மறுபடி இழுக்கச் சொன்னேன், பிடிக்கவில்லை. அதற்குள் ஆள் வருகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடிவிட்டேன். அம்மா மட்டும் காரில் உட்கார்ந்து கொண்டிருந்தாள். பெரியம்மாள் வந்து, "என்னா மிக்கேலம்மா, எங்க பொறப்பட்டுட்ட?" என்று கேட்டாளாம்.

தெரிந்த பிறகு அப்பாவிடம் சொல்வதற்கு என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். என்னவென்று சொல்வது மாமா? தீர்த்தம் பட்டதால்தான் கார் நின்றது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? அதற்குள் உபதேசியார் வந்து நவநாள் ஜெபம் ஏற்பாடு செய்துவிட்டார். ஒன்பது நாள் சாயங்காலமும் காரைச் சுற்றிப் பாய் விரித்துப் பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். அவர்கள் அருள் நிறைந்த மரியே சொல்லும்போது நான் உள்ளுக்குள் உப்பு, உப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தினம் ஜெபம் முடிந்ததும் உபதேசியார் புட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் தீர்த்தம் தெளிப்பார். நல்லவேளையாக முன்மூடியைத் திறக்காமல் தெளித்தார். ஒன்பதாம் நாள் அப்பா பொத்தானை இழுத்தபோது சைலன்சரில் டமார் என்று ஒரு வெடி. கறுப்புப் புகை குபுகுபுவென்று வந்தது. எரியாத பெட்ரோல் புகைப்போக்கியில் தங்கி எங்கேயோ ஒரு பொறி பட்டு வெடித்தது என்பது எனக்குத் தெரியும். பின்னால் மண்டியிட்டிருந்த பெரியம்மாளுக்கு அது தெரியாது. "தீர்த்தம் பட்டா வெடிக்கிறது எது? அதுதான் உள்ள இருக்குது. இந்த வண்டியில ஓசூர்ப் பக்கமிருந்து என்னத்தை ஏத்தினு வந்தானோ!" என்று சொல்லிவிட்டுப் புடவையை உதறிக்கொண்டு போனாள். மறுநாள் காலைக்குள், சின்னப்பராஜ் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து சாராயம் கடத்தினான், அதனால்தான் மந்திரித்ததும் கார் நின்றுவிட்டது என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. அப்பா சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காதவர். ஊரில் அது எல்லாருக்கும் தெரியும்.

தீர்த்தத்தைத் தப்பாக நினைத்தது பாவம் அல்லவா? அதனால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கே மட்டும் எனக்குப் பேச வரும். நடுவில் ஓட்டைப் பலகை இருக்கிறது, முகம் தெரியாது.

"தீர்த்தத்தால கார் நின்னுபோச்சுன்னு நெனச்சேன் சாமி" என்றேன்.

நம் சாமியார் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார், ஞாபகம் இருக்கிறதா? அதற்குரிய எல்லாவற்றையும் அவரேதான் பார்த்துக்கொள்கிறார்.

"எதுல பட்டுது?" என்றார்.

"டிஸ்டிரிபியூட்டர்லங்க சாமி."

"காயில்ல பொறி வருதா?"

"வருதுங்க."

"பிளக்குல?"

"இல்லீங்க சாமி. மூடிக்குள்ள உப்பு பூத்திருந்துச்சு. நாக்குல வெச்சுப் பாத்தேன். அதுவும் பாவங்களா?"

"அது பாவமில்லை" என்றார். பிறகு, "ஒரு கைப்பிடி போதும்னு யாகப்பங்கிட்ட எத்தனை வருஷமா சொல்லிக்கினு இருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "இங்க கேட்டதை நான் வெளியில ஒரு வார்த்தை பேசக்கூடாது. சாடையாக்கூடக் காட்டக்கூடாது. உங்கப்பனைப் பாத்து அந்த மூடியைத் தொறந்து பாருடான்னு சொல்ல எனக்கு வழியில்லை. நீதான் சொல்லணும். உன் வாயால சொல்லணும். அதுதான் உனக்கு அபராதம்" என்றார். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை கொடுத்திருந்தாலும் முடித்திருப்பேன். வெளியே வந்து பார்த்தால் பதினோரு பேர் காத்திருந்தார்கள். பெரியம்மாள் முதலில் நின்றாள். "கால் மணி நேரம்" என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த வயசுல கால் மணி நேரத்துக்கு என்னா இருக்குது?"

நான் சொல்லிப் பார்த்தேன் மாமா. கூழ் எடுத்துக்கொண்டு போய்க் காருக்கு அடியில் படுத்திருந்த அப்பாவின் கால் பக்கம் நின்று, "அப்பா" என்றேன். "என்னாம்மா?" என்றார். "கூழு" என்றேன். இன்னொரு நாள், அவராகப் பார்க்கட்டும் என்று மூடியைக் கழற்றி மேலேயே வைத்துவிட்டு வந்தேன். அர்ச்சுனன் அண்ணன் வந்து, "யாரோ பசங்க கை வெச்சிருக்கானுவ" என்று திட்டி, மூடியை இன்னும் இறுக்கமாக மாட்டிவிட்டுப் போனார். அபராதம் தீராமல் பூசையில் நற்கருணை வாங்க எனக்குப் பயம். அந்த ஞாயிறும் வாங்கவில்லை, இந்த ஞாயிறும் வாங்கவில்லை. பெண்கள் எல்லாரும் எழுந்து போகும்போது நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தால் எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாராயம் போய்விட்டது. இப்போது பேச்சு என்னைப் பற்றி. அந்தப் பெண்ணின் நேரம் சரியில்லை, அவள் ஏதோ செய்திருக்கிறாள், அவள் பாவம்தான் காரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பார்க்கிறாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து சாமியார் மோட்டார் சைக்கிளில் நம் வாசல் வழியாகப் போனார். கார் பக்கத்தில் நிறுத்தினார். முன்மூடியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்பா ஓடிப்போய் முழங்காலில் விழுந்து, "சாமி, இன்னொரு தரம் மந்திரிச்சு உடுங்க சாமி" என்றார். சாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாம்! வேணாம்ப்பா! இதுக்கு மேல மட்டும் வேணாம்!" என்று சொல்லிவிட்டு, உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பத்துப் பேர் பார்த்தார்கள். அதோடு முடிந்தது. சாமியாரே கை வைக்கப் பயப்படுகிற கார் என்று பெயர் வந்துவிட்டது. ஓடினாலும் இனி அதில் யார் சவாரி வருவார்கள் என்று அப்பா கேட்டார். புதன்கிழமை தொப்பூருக்கு ஆள் அனுப்பினார். கோவிந்தன் வந்து, தலைவாசல் சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பது போல அங்கங்கே தட்டிப் பார்த்து, பதினேழாம் தேதி என்று சொல்லிவிட்டுப் போனார். கார் போனால் நாங்கள் மூவரும் ஏற்காட்டுக்குக் காப்பித்தோட்ட வேலைக்குப் போகிறோம். எந்த எஸ்டேட் துரையிடமிருந்து அந்தக் கார் மலை இறங்கி வந்ததோ அதே மலைக்கு நாங்கள் ஏறுகிறோம். அம்மா இப்போதே கம்பளிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பா தினமும் காலையில் காரைத் துடைக்கிறார். உடைக்கப் போகிற காரை எதற்குத் துடைக்கிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "அழுக்கா அனுப்பக்கூடாதில்ல" என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. டிஸ்டிரிபியூட்டர் மூடி இறுக்கமாக இருந்திருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இத்தனை தண்ணீர் போயிருக்காது. மாட்டுப்பொங்கல் அன்று காலையில் அப்பா பாயிண்டைத் துடைத்தார், மூடியைத் திரும்ப மாட்டியது நான். அதற்கு இரண்டு பக்கமும் கொக்கி உண்டு. ஒரு கொக்கியை மாட்டினேன். அந்நேரம் உபதேசியார் வந்துவிட்டார், நான் உள்ளே ஓடிவிட்டேன். இரண்டாவதை மாட்டினேனா இல்லையா என்று பதினெட்டு நாளாக யோசிக்கிறேன். மாட்டவில்லை என்றுதான் படுகிறது.

இனி நான் கேட்பது. நீங்கள் அப்பாவுக்குத் தனியாக எழுத வேண்டும். காரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாதது போல எழுதுங்கள். உங்கள் பட்டறைக்கு ஒரு ஜீப் வந்ததாகவும், செல்ப் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றும், டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் கறுப்புக்கோடு இருந்ததாகவும், வேறு மூடி போட்டதும் ஓடியது என்றும் எழுதுங்கள். தீர்த்தம் என்ற சொல் வேண்டாம். உப்பு வேண்டாம். கொக்கி கட்டாயம் வேண்டாம். என் பெயரும் வேண்டாம். ராணுவத்தில் கரண்ட் வேலை பார்க்கிறவர் எழுதினால் அப்பா உடனே போய்த் திறந்து பார்ப்பார். பொய் எழுதினால் பாவம் உங்களைச் சேருமே என்றும் யோசித்தேன். அத்தனை ஜீப் இருக்கிற இடத்தில் ஒன்றாவது அப்படி நின்றிருக்காதா? உங்கள் மூலமாகச் சொன்னால் என் அபராதம் தீருமா என்பது தெரியவில்லை. சாமியாரைக் கேட்கலாம். கேட்க வேண்டுமானால் மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும், போனால் பழையது தீர்ந்ததா என்று முதலில் கேட்பார்.

கடிதம் கண்டதும் பதில் எழுதுங்கள். அத்தைக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். உங்கள் எல்லாரையும் மாதா தம் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். எங்களையும் இடம் இருந்தால்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
இன்னாசியம்மாள்.

பின்குறிப்பு: அதே நாள், சாயங்காலம் ஆறு மணி. மேலே எழுதியதில் பாதி இப்போது உண்மையில்லை. நம் வீட்டில் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டும், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு அதில் ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை. எழுதியது எதுவானாலும், இங்கு யாவரும் சுகம், மழையில்லை என்று பார்த்துப் படிப்பது போலச் சொல்லி ஒட்டிவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்பா என் கையில் இருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தனை பக்கத்துலயும் மழையில்லையா?" என்றார். என்னால் மேலே ஜோடிக்க முடியவில்லை. குனிந்த தலை நிமிராமல் முதல் வரியிலிருந்து படித்தேன். எலி வந்த இடத்தில் அம்மா சிரித்தாள், கம்பளி வந்த இடத்தில் அழுதாள். நெருப்பு வாங்க வந்த பெரியம்மாள் கதவோரம் நின்றிருந்தாள் போலிருக்கிறது. அவள் பேர் மூன்றாம் தடவை வந்தபோது நெருப்பு வாங்காமலே போய்விட்டாள். கொக்கி வந்தது. அதையும் படித்தேன்.

படித்து முடித்ததும் அப்பா தாள்களை என் கையிலிருந்து வாங்கி அடுக்கி வைத்தார். பிறகு, "நீ ரெண்டு கொக்கியும் மாட்டித்தாம்மா இருந்த" என்றார். "நான்தான் கோயில்கிட்ட போயி ரெண்டையும் எடுத்துவிட்டு, மூடியை லேசா தூக்கி வெச்சேன். தீர்த்தம் உள்ள வரைக்கும் போனாத்தானே பலிக்கும்னு நெனச்சேன்." அம்மா, "அப்ப இத்தினி நாளா தெரிஞ்சுக்கினேதான் இருந்தீங்களா?" என்று கேட்டாள். "தெரியும்னு சொல்ல முடியாது. சந்தேகந்தான். எந்த வாயால வெளிய சொல்றது?" என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேர் பதினெட்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டு ஒரே சட்டியில் கூழ் குடித்திருக்கிறோம்.

எழுந்து போய் மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கோட்டைச் சொரண்டிட்டா என்னாம்மா?" என்று என்னைக் கேட்டார். இன்ஜின் விஷயத்தில் அவர் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. "சொரண்டலாம்ப்பா" என்றேன். சவர பிளேடால் கறுப்பு போகும்வரை சுரண்டினார். நான் துணியால் துடைத்து மாட்டினேன், இரண்டு கொக்கியையும் அவர் கண் முன்னால் மாட்டினேன். மூன்றாவது இழுப்பில் இருமிக்கொண்டே பிடித்துவிட்டது. சவாரிக்கு ஆள் வருவார்களா என்பது வேறு விஷயம். பெரியம்மாள் இந்நேரம் பாதி ஊருக்குச் சொல்லியிருப்பாள், இந்த ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

ஆகையால் மேலே கேட்ட கடிதம் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். கோடு மறுபடி விழும் என்கிறார் அப்பா, மூடி மட்டும் ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் இதை அப்படியே தபாலில் போடுகிறேன். பதினேழாம் தேதி கோவிந்தன் வந்தால், கார் சவாரி போயிருக்கிறது, விற்பதாக இல்லை என்று சொல்ல வேண்டும். அதை வாசலில் நின்று நான்தான் சொல்ல வேண்டுமாம், அப்பா சொல்லிவிட்டார். நாளையிலிருந்து சிவலைப் பசுவிடம் சொல்லிப் பழக வேண்டும். இத்துடன் நிறுத்துகிறேன். அப்பா பின்னால் வந்து நின்றுகொண்டு இந்தப் பின்குறிப்பையும் படிக்கச் சொல்கிறார்.